மாஸ்கோவா, கீவா? 1941 ஆகஸ்டில் ஜெர்மனி முன் இருந்த வழிகள்

இரண்டாம் உலகப் போர் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் கண்டிப்பாக ஆரம்பிப்பார்: "ஹிட்லர் கீவ் பக்கம் திரும்பாமல் நேரே மாஸ்கோவுக்குப் போயிருந்தால் கதையே வேறு." உடனே இன்னொருவர், "கீவை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தால் விலாவிலேயே குத்து விழுந்திருக்கும்" என்பார். வியூக விளையாட்டு ஆடுகிறவர்களுக்கும் இதே இடத்தில்தான் கை நின்றுவிடும், ஆகஸ்ட் மாதம் வந்ததும் டாங்கிகளை எந்தப் பக்கம் தள்ளுவது என்று. என்னிடம் கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், நானும் பல வருடம் மாஸ்கோ கட்சியில் இருந்தவன்தான். கட்சி மாறியதற்குக் காரணம் டாங்கி இல்லை, ரயில்பாதையும் லாரியும்.

நிலைமை இதுதான். 1941 ஜூன் 22 அன்று சுமார் 30 லட்சம் ஜெர்மன் வீரர்கள் சோவியத் எல்லையைத் தாண்டினார்கள். ஜூலை 3 அன்று தரைப்படைத் தலைமை அதிகாரி ஹால்டர், இந்தப் போர் இரண்டே வாரத்தில் வெல்லப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஜூலை நடுவில், மாஸ்கோ போகும் வழியில் இருக்கும் ஸ்மோலென்ஸ்க் வந்தாயிற்று. அத்தோடு வண்டி நின்றுவிட்டது. ஜூலை 30 அன்று மேலிடத்து உத்தரவு எண் 34, மாஸ்கோ பக்கம் போய்க்கொண்டிருந்த நடுப் படைக்குழுவை அப்படியே தற்காப்பில் நிற்கச் சொன்னது. ஆகஸ்ட் 11 அன்று அதே ஹால்டர் அதே நாட்குறிப்பில், எதிரியிடம் 200 டிவிஷன் (ஆயிரக்கணக்கான வீரர்கள் கொண்ட படைப்பிரிவு) இருக்கும் என்று கணக்குப் போட்டோம், இப்போதே 360 எண்ணியாயிற்று என்று எழுதுகிறார். ஐந்தரை வாரத்தில் என்ன மாற்றம் பாருங்கள்.

அந்த ஆகஸ்ட் மாதம் முழுக்க ஹிட்லருக்கும் தளபதிகளுக்கும் நடந்த இழுபறிதான் நம் விஷயம். மேசையில் இருந்தவை மூன்று வழிகள்: மாஸ்கோ, கீவ், லெனின்கிராட். நான்காவது ஒன்றும் இருந்தது, இருக்கிற இடத்திலேயே நின்றுகொள்வது. அதை யாரும் மேசைக்கே கொண்டுவரவில்லை.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், செம்படையை, அதாவது சோவியத் ராணுவத்தை, உடைக்குமா என்பது. நகரம் கிடைப்பது வேறு, படை உடைவது வேறு. ஜெர்மன் திட்டத்தின் உயிரே டிவினா, நீப்பர் நதிகளுக்கு மேற்கிலேயே செம்படையை முடித்துவிடுவதில்தான் இருந்தது. அது நடக்கவில்லை. ஆகவே எந்த வழியை எடுத்தாலும் முதல் கேள்வி, அங்கே எத்தனை சோவியத் வீரர்கள் சிக்குவார்கள்?

இரண்டாவது, சப்ளை எட்டுமா. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் வாதாடுகிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போகிற இடம் இதுதான். சோவியத் ரயில்பாதையின் அகலம் ஜெர்மன் பாதையைவிட 9 சென்டிமீட்டர் கூட. தண்டவாளத்தைப் பெயர்த்து மாற்றிப் போடலாம், போட்டார்கள். ஆனால் சோவியத் எஞ்சின்கள் பெரியவை, ஒருமுறை தண்ணீர் பிடித்தால் வெகுதூரம் ஓடும். அதற்கேற்ப தண்ணீர் நிலையங்களும் தள்ளித் தள்ளி இருந்தன. சின்ன ஜெர்மன் எஞ்சின் நடுவழியில் தாகத்துக்குத் தவித்தது. பாதை மாற்றியும் போதாமல், இடையிடையே புதிதாகத் தண்ணீருக்கும் ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. ரயில் நிற்கிற இடத்திலிருந்து படை இருக்கும் இடத்துக்கு லாரி. அந்த லாரிகளோ ஐரோப்பா முழுவதும் பிடுங்கிச் சேர்த்தவை, ஏறக்குறைய 2,000 வகை வாகனங்கள். ஒன்றின் உதிரிபாகம் இன்னொன்றுக்குப் பொருந்தாது. தார் காணாத சாலைப் புழுதி எஞ்சினுக்குள் போய் எண்ணெயோடு சேர்ந்து அரைத்தது. அப்புறம் குதிரைகள், 6 லட்சத்துக்கும் மேல். மின்னல் வேகப் போர் என்று பெயர், படையில் பெரும்பகுதி நடந்தும் குதிரை வண்டியிலும்தான் போனது.

மூன்றாவது, முன்னேறும்போது பக்கவாட்டில் யார் நிற்கிறார்கள். நான்காவது, நாட்கள்: அக்டோபரில் மழை இறங்கினால் சாலை சேறாகிவிடும், ஆகஸ்ட் கடைசியிலிருந்து எண்ணினால் கையில் ஐந்தாறு வாரம். ஐந்தாவது, எண்ணெய், நிலக்கரி, தானியம். இந்தக் கடைசி அளவுகோல் ஹிட்லருக்கு முக்கியம், தளபதிகளுக்கு அவ்வளவாக இல்லை.

ஆறாவதாக ஒன்றை நான் சேர்க்கிறேன். அந்த அறையில் யாரும் கேட்காத கேள்வி அது: எந்தப் பக்கம் திரும்பினால் எந்த ஜனங்கள் சாவார்கள்.

## வழி 1: மாஸ்கோ

தளபதிகளின் ஆசை. நடுப் படைக்குழுவின் தளபதி போக், டாங்கிப் படைத் தளபதி குடேரியன், ஹால்டர் எல்லாரும் இந்தக் கட்சி. அவர்கள் சொன்னது முட்டாள்தனமும் இல்லை. மாஸ்கோ தலைநகர் மட்டுமல்ல, நாட்டின் ரயில்பாதைகள் எல்லாம் வந்து கூடும் முடிச்சு. அதைக் காப்பாற்ற ஸ்டாலின் இருக்கிற படையை எல்லாம் கொண்டுவந்து நிறுத்துவார், அங்கேயே மொத்தமாக உடைத்துவிடலாம். ஸ்மோலென்ஸ்கிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர். வரைபடத்தில் ஒரு சாண்கூட வராது.

இப்போது அளவுகோலை வைத்துப் பாருங்கள். ஆகஸ்ட் கடைசியில் போக்கிடம் இருந்தது இரண்டு டாங்கிக் குழுக்கள், ஒன்று குடேரியனுடையது, இன்னொன்று ஹோத் என்ற தளபதியுடையது, அதில் ஹோத்தின் குழுவிலிருந்து ஒரு பகுதியை வடக்கே அனுப்பியாயிற்று. இரண்டிலும் ஓடுகிற டாங்கி ஏறக்குறைய பாதிதான். ஆகஸ்ட் 4 அன்று போரிசோவுக்கு வந்த ஹிட்லரிடம் குடேரியன் புது எஞ்சின் கேட்டார், கிழக்கு முனை முழுமைக்கும் சேர்த்து 300 எஞ்சின் தருவதாகப் பதில் வந்தது. மூன்றாயிரத்துக்கும் மேல் டாங்கிகளோடு தொடங்கிய போருக்கு 300 எஞ்சின்! ஆகஸ்ட் முடிவதற்குள் ஜெர்மன் சேதம் 4 லட்சத்தைத் தொட்டுவிட்டது, ஈடாக வந்த ஆட்கள் அதில் பாதிக்குச் சற்று மேல்.

எதிரே இருந்தவர்களும் தூங்கவில்லை. ஸ்மோலென்ஸ்குக்குத் தென்கிழக்கே யெல்னியாவில் ஜெர்மானியர் பிடித்துவைத்திருந்த முனையை சோவியத் தளபதி ஜுகோவ் அடித்து நொறுக்கி, செப்டம்பர் 6 அன்று ஊரைத் திரும்ப எடுத்தார். மாஸ்கோ சாலை திறந்து கிடந்தது என்று சொல்கிறவர்கள் இந்த யெல்னியாவை எங்கே வைப்பார்கள் என்று தெரியவில்லை.

மறைந்திருக்கும் செலவு வலது பக்கத்தில். கீவைச் சுற்றி தென்மேற்கு முனை என்ற சோவியத் படைக்குழுவின் வீரர்கள் 6 லட்சத்துக்கும் மேல் நின்றுகொண்டிருந்தார்கள். கிழக்கே ஒவ்வொரு அடி போகும்போதும் அந்தப் பக்கம் திறந்த விலா நீண்டுகொண்டே போகும். அதைக் காக்க டிவிஷன் டிவிஷனாகக் கழற்றி நிறுத்த வேண்டும். மாஸ்கோ போய்ச் சேரும்போது கையில் என்ன மிஞ்சும்? மிஞ்சியதை வைத்து 40 லட்சத்துக்கும் மேல் ஜனம் வாழும் நகரத்தில் தெருத் தெருவாகச் சண்டை. நகரமே கிடைத்தாலும் போர் முடிந்தது என்று அர்த்தமில்லை. 1812 செப்டம்பர் 14 அன்று நெப்போலியன் மாஸ்கோவுக்குள் நுழைந்தார், ஜார் ஒரு கடிதம்கூடப் போடவில்லை, அடுத்த மாதம் 19 அன்று மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினார்.

"அக்டோபரில் மாஸ்கோவை நோக்கித் தாக்கியபோது வியாஸ்மாவிலும் பிரையன்ஸ்கிலும் லட்சக்கணக்கில் சிக்கினார்களே, அதையே ஒரு மாதம் முன்னால் செய்திருக்கலாமே" என்பது வழக்கமான அடுத்த கேள்வி. அக்டோபரில் மூன்று டாங்கிக் குழுக்கள் இருந்தன, மூன்றாவது லெனின்கிராட் பக்கத்திலிருந்து வந்தது. செப்டம்பர் முழுக்க ரயிலில் வந்திறங்கிய குண்டும் பெட்ரோலும் இருந்தன. தெற்கே விலாவைக் குத்த ஆளே இல்லை, ஏனென்றால் அவர்கள் கீவில் சிக்கிவிட்டார்கள். அந்த வெற்றியைப் பிடுங்கி ஆகஸ்டில் நட முடியாது.

இது எப்போது சரியான வழி? கீவிலிருந்த சோவியத் படை தானாகவே பின்வாங்கிப் போயிருந்தால். அப்படி நடக்க வாய்ப்பும் இருந்தது. ஜூலை 29 அன்று ஜுகோவ் ஸ்டாலினிடம் போய், கீவை விட்டுவிட்டு நீப்பருக்குக் கிழக்கே வந்துவிடலாம் என்றார். கிடைத்த பரிசு, ராணுவத் தலைமை அதிகாரிப் பதவியிலிருந்து நீக்கம். ஸ்டாலின் அன்று தலையாட்டியிருந்தால் கீவில் வளைக்கப் பெரும்படை இருந்திருக்காது, மாஸ்கோதான் மிச்ச வழி.

## வழி 2: கீவ்

ஆகஸ்ட் 21 அன்று ஹிட்லர் எழுத்தில் கொடுத்தார்: குளிர்காலத்துக்கு முன் முக்கியம் மாஸ்கோ இல்லை, கிரிமியா, தொனெத்ஸ் நிலக்கரிப் பகுதி, காகசஸ் எண்ணெய் வரும் வழியை அறுப்பது, வடக்கே லெனின்கிராடைத் தனிமைப்படுத்துவது. கிரிமியா எதற்கு என்றால், அங்கிருந்து சோவியத் விமானங்கள் ருமேனியாவின் எண்ணெய்க் கிணறுகள்மேல் குண்டு போடலாம் என்ற பயம்.

ஹால்டர் கொதித்துப்போய் குடேரியனைக் கிழக்குப் பிரஷ்யாவுக்கு அழைத்துப்போனார், ராஸ்டன்பர்க் காட்டுக்குள் இருந்த தலைமையகத்துக்கு. ஆகஸ்ட் 23, சாயங்காலம். வாசலிலேயே தரைப்படைத் தலைவர் பிரவுகிட்ஷ் பிடித்துக்கொண்டார்: முடிவாகிவிட்டது, ஹிட்லரிடம் மாஸ்கோ என்று வாயைத் திறக்காதே. உள்ளே பேச்சு எப்படியோ அங்கேயே போய் நின்றது, குடேரியன் தன் பக்கத்தைச் சொல்லியும் பார்த்தார். ஹிட்லர் கேட்டுவிட்டு, போரின் பொருளாதாரம் என் தளபதிகளுக்குப் புரிவதில்லை என்றார். சுற்றி நின்ற அதிகாரிகள் அத்தனை பேரும் தலையை ஆட்டினார்கள். குடேரியன் தனியாள். சரி, கீவ்தான் என்றால் என் படையை உடைக்காமல் முழுசாக அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டு திரும்பிவிட்டார். மறுநாள் ஹால்டருக்கு வந்த கோபம் ஹிட்லர்மேல் இருந்ததைவிடக் குடேரியன்மேல்தான் அதிகம்.

பலன் என்ன? வடக்கிலிருந்து குடேரியன் இறங்கினார். தெற்கே, நீப்பரைத் தாண்டிப் பிடித்துவைத்திருந்த கிரெமென்சுக் கரையிலிருந்து இன்னொரு டாங்கிப் படைத் தளபதி கிளைஸ்ட் செப்டம்பர் 12 அன்று ஏறினார். மூன்றே நாளில் கீவுக்குக் கிழக்கே சுமார் 200 கிலோமீட்டரில், லோக்வித்சா என்ற சின்ன ஊர்ப் பக்கம் இருவரும் கைகோத்தார்கள். செப்டம்பர் 19 அன்று கீவ் விழுந்தது. 6,65,000 கைதிகள் என்று ஜெர்மனி அறிவித்தது. சோவியத் கணக்கில் வளையத்துக்குள் மாட்டியவர்கள் அதைவிடக் குறைவு, ஆனால் அந்த மொத்தப் போரில் மீளாமல் போனவர்கள் என்று பார்த்தால் அவர்கள் கணக்கே 6 லட்சத்தைத் தாண்டுகிறது. முதல் அளவுகோலில் இதற்குப் பக்கத்தில் எதுவும் நிற்காது.

ஒரு விஷயம் கவனியுங்கள். இந்த வெற்றியில் பாதி ஸ்டாலின் கொடுத்தது. செப்டம்பர் 11 அன்று அந்தப் பகுதியின் மேல்தளபதி புத்யோன்னி பின்வாங்க அனுமதி கேட்டார், அவரையே மாற்றிவிட்டார்கள். 16 அன்று அவர் இடத்துக்கு வந்த திமோஷென்கோ, பின்வாங்கு என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினார். அவருக்குக் கீழே தென்மேற்கு முனையை நடத்திய தளபதி கிர்போனோஸுக்கோ முதல்நாள்வரை வந்த எழுத்து உத்தரவு, நகராதே என்பது. வாய்ச்சொல்லை நம்பி நகர்ந்தால் தலை போகும் என்று அவருக்குத் தெரியும், மாஸ்கோவிடம் கேட்டு அனுப்பினார். பதில் 17 நள்ளிரவுக்குப் பக்கத்தில் வந்தது. 20 அன்று ஒரு ஓடைக்காட்டில் மிச்சமிருந்த அதிகாரிகளோடு சண்டையிட்டுச் செத்தார். கீவை ஹிட்லரின் மேதாவித்தனம் என்று சொல்கிறவர்கள் அந்த ஒரு நாள் தாமதத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மறைந்த செலவுகள் இரண்டு. ஒன்று, குடேரியனின் டாங்கிகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே ஓடி, திரும்ப வடக்கே வந்து, ஓய்வே இல்லாமல் செப்டம்பர் 30 அன்று மாஸ்கோவை நோக்கிக் கிளம்பின. தேய்ந்த எஞ்சின் மேலும் தேய்ந்தது. இன்னொன்று, எந்தப் பொருளாதாரத்துக்காகத் தெற்கே போனார்களோ அது கைக்கு வந்தபோது கரியாக இருந்தது. ஹிட்லர் கையெழுத்துப் போடுவதற்கு மூன்று நாள் முன்பே, ஆகஸ்ட் 18 அன்று, நீப்பர் மின்நிலைய அணையைச் சோவியத்துகளே வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். சுரங்கங்களில் தண்ணீர், எந்திரங்கள் ரயிலேறி யூரல் பக்கம். தொனெத்ஸ் நிலக்கரியால் ஜெர்மனிக்குப் பெரிய லாபம் ஒருநாளும் வரவில்லை.

ஆறாவது அளவுகோலுக்கு வருகிறேன். செப்டம்பர் 24 அன்று கீவின் கிரெஷாத்திக் தெருவில் சோவியத்துகள் புதைத்துவிட்டுப் போன குண்டுகள் வெடித்தன, ஜெர்மன் அலுவலகங்கள் பறந்தன, தெரு நாள்கணக்கில் எரிந்தது. அதைச் சாக்காக வைத்து நகரத்து யூதர்களை ஓரிடத்தில் வந்து கூடச் சொல்லிச் சுவரொட்டி ஒட்டினார்கள். ஏதோ ஊருக்கு அனுப்பப்போகிறார்கள் என்று நம்பி மூட்டை முடிச்சோடு, குழந்தைகளோடு வந்தார்கள். செப்டம்பர் 29, 30 இரண்டு நாளில் பாபி யார் பள்ளத்தில் 33,771 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். எண் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம், கொன்றவர்களே எண்ணி அறிக்கை அனுப்பியதுதான். கைதிகளாகப் பிடித்த லட்சங்களில் பெரும்பகுதி பசியிலும் நோயிலும் முள்வேலிக்குள்ளேயே போய்விட்டது. போர் முடிவதற்குள் ஜெர்மனியிடம் சிக்கிய சோவியத் கைதிகளில் 30 லட்சம் பேருக்கும் மேல் இறந்தார்கள். வரைபடத்தில் காய் நகர்த்துகிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகாதீர்கள்.

இது எப்போது சரியான வழி? எதிரி பிடிவாதமாக நிற்கும்வரை. அவன் நகர்ந்துவிட்டால் குடேரியன் வெறும் வயல்வெளியை வளைத்திருப்பார்.

## வழி 3: லெனின்கிராட்

சீக்கிரம் முடித்துவிடலாம். பால்டிக் கடல் கைக்கு வரும், ஃபின்லாந்தோடு கைகோக்கலாம் என்பது கணக்கு. ஆனால் காடும் சதுப்பும் நிறைந்த நிலம், டாங்கிக்கு ஆகாது, சிக்கக்கூடிய சோவியத் படையும் மற்ற இரண்டு இடங்களைவிடக் குறைவு. செப்டம்பர் 8 அன்று தரைவழி அடைபட்டது. உள்ளே புகாமல் பட்டினி போட்டே முடிப்பது என்று ஹிட்லர் முடிவெடுத்து, டாங்கிகளை உருவி மாஸ்கோ பக்கம் அனுப்பினார். நகரம் 872 நாள் தாங்கியது. உள்ளே இறந்த பொதுமக்கள் எண்ணிக்கை எட்டு லட்சம் முதல் பத்து லட்சம்வரை சொல்லப்படுகிறது. அத்தனை நாளும் ஒரு பெரிய ஜெர்மன் படை அங்கேயே கட்டுண்டு கிடந்தது.

## வழி 4: நின்றுகொள்வது

நீப்பர் கோட்டிலேயே குழி தோண்டி உட்கார்ந்து, ரயில்பாதையைச் சரி பண்ணி, கம்பளி உடை வரவழைத்து, வசந்தத்தில் கிளம்புவது. காகிதத்தில் இதுதான் புத்திசாலித்தனமாகத் தெரியும். டிசம்பரில் கோடை உடுப்போடு உறைந்து கிடந்தவர்களைக் கேட்டால் அவர்களும் இதையே சொல்லியிருப்பார்கள்.

ஆனால் நாட்கள் யார் பக்கம் ஓடிக்கொண்டிருந்தன? ஜூன் முடிவதற்குள்ளேயே சோவியத் ஒன்றியம் 50 லட்சம் பேரை அழைத்துவிட்டது. ஜூலை முதல் நவம்பர் வரை 1,500க்கும் மேற்பட்ட பெரிய தொழிற்சாலைகளைக் கழற்றி ரயிலில் கிழக்கே கொண்டுபோனார்கள். மேற்கே பிரிட்டன் விழவில்லை, அமெரிக்கா உதவியை ஏற்றி அனுப்ப ஆரம்பித்துவிட்டது. ஜெர்மனி ஒரு மாதம் தாமதித்தால் எதிரிக்கு மூன்று மாதம் லாபம். இந்த வழியில் படை பிழைக்கும், போர் தோற்கும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | மாஸ்கோ | கீவ் | லெனின்கிராட் | நிற்பது |
|---|---|---|---|---|
| செம்படை உடைவது | சந்தேகம், எதிரே பலமான கோடு | மிகப் பெரிய அளவில் | குறைவு | இல்லை |
| சப்ளை | ஆகஸ்டில் எட்டாது | இழுபறி, இரண்டு பக்கமிருந்தும் போனதால் முடிந்தது | கடல்வழி உதவும் | மூச்சு விடலாம் |
| விலா | வலது பக்கம் முழுசும் திறந்தது | ஆபத்தே நீங்குகிறது | பெரிய கவலை இல்லை | நீண்ட கோடு, ஆள் போதாது |
| நாட்கள் | சேறுக்கு முன் முடிவது கடினம் | மாஸ்கோவுக்கான நாட்களைத் தின்றது | படையைக் கட்டிப்போட்டது | எதிரிக்கே லாபம் |
| வளம் | ரயில் முடிச்சு | தானியம் கொஞ்சம், நிலக்கரி ஏமாற்றம் | துறைமுகம் | ஒன்றுமில்லை |

ஆறாவதை அட்டவணையில் போடவில்லை. அது கட்டத்துக்குள் அடங்காது.

## நான் எந்தப் பக்கம்

ஆகஸ்ட் 21 அன்று அந்த நாற்காலியில் ஒருவரை உட்காரவைத்து இந்த நாலில் ஒன்றைத் தொடு என்றால், ராணுவக் கணக்காக மட்டும் பார்த்தால் கீவ்தான். கையருகே 6 லட்சம் பேர் நகராமல் நிற்கும்போது அவர்களை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு 400 கிலோமீட்டர் போவது சூதாட்டம். போரின் மிகப் பெரிய தவறு கீவ் என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. தவறு அதற்கு முன்பே நடந்துவிட்டது: 500 கிலோமீட்டருக்குக் கட்டிய சப்ளையை வைத்து 1,000 கிலோமீட்டர் போரைத் தொடங்கியபோது, எதிரியின் டிவிஷன்களைப் பாதிக்குக் கொஞ்சம் மேலாக எண்ணி வைத்தபோது. 1940 டிசம்பரில் பவுலுஸ் நடத்திய வரைபட ஒத்திகையிலேயே சப்ளை இடிக்கும் என்று தெரிந்தது. ஆமாம், பின்னால் ஸ்டாலின்கிராடில் சரணடைந்த அதே பவுலுஸ்.

அப்படியானால் "மாஸ்கோவுக்குப் போயிருந்தால்" என்ற கதை ஏன் இவ்வளவு பலமாக நிற்கிறது? போருக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் தளபதிகள், நினைவுக் குறிப்பு எழுதியவர்களும் அவர்களே. ஹிட்லர் செத்துவிட்டார், செத்தவர் தலையில் எதை ஏற்றினாலும் மறுத்துப் பேச மாட்டார். இரண்டு வாரத்தில் வென்றாயிற்று என்று எழுதிய ஹால்டரின் பங்கு அந்தக் கதையில் எங்கேயும் தென்படாது. ஹிட்லர் தவறே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. டிசம்பர் 5 அன்று சோவியத் எதிர்த்தாக்குதல் தொடங்கி மாஸ்கோ வாசலில் படை சிதறிக்கொண்டிருந்தபோது, 11 அன்று அமெரிக்காமீதும் போர் அறிவித்தவர் அவர்.

விளையாட்டில் எதை அழுத்துவது என்று கேட்டவர்களுக்கு: எதிரியின் தெற்குப் படை நீப்பர் கரையிலேயே நின்றால் கீவ், பின்வாங்கினால் மாஸ்கோ, டாங்கி பாதிக்குக் கீழே போயிருந்தால் நின்றுவிடுங்கள். விளையாட்டில் நின்றால் பொத்தான் அழுத்திப் பழுது பார்க்கலாம், எஞ்சின் 300தான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அட்டவணையில் வராத ஐந்தாவது வழி ஒன்றும் அந்த வருடமே பேச்சில் வந்தது. நவம்பர் 29 அன்று ஆயுத உற்பத்தி அமைச்சர் ஃபிரிட்ஸ் டோட், இந்தப் போரை இனி ராணுவத்தால் வெல்ல முடியாது என்று ஹிட்லரிடம் நேருக்கு நேர் சொன்னார். பிறகு எப்படி முடிப்பது என்று கேட்டார் ஹிட்லர். பேச்சுவார்த்தையால் மட்டுமே என்றார் டோட். அப்படி முடிக்க எனக்கு வழி தெரியவில்லை என்று பதில் வந்தது. போர் அதற்கப்புறம் மூன்றரை வருடம் நடந்தது.